ஜெபக்கனி எழுதி வைத்தது

ஜூன் 3

காலை பத்து மணிக்கு எல்லோரையும் சாப்பாட்டுக் கூடத்துக்கு வரச் சொன்னார்கள். இருபத்திரண்டு பேர் வந்து உட்காரவே அரைமணி நேரம் ஆனது. செயலாளர் ஐயா சித்திரையில் இறந்துபோனதிலிருந்து இந்த முதியோர் இல்லத்துக்குத் தலை இல்லாமல் இருந்தது. அறக்கட்டளை இப்போது புதிதாக ஒருவரை அனுப்பியிருக்கிறது. பெயர் ரவீந்திரன். நாற்பத்தைந்து வயதிருக்கும். பேசும்போது எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தார்.

"உங்களுக்கெல்லாம் ஒரு நல்ல செய்தி. இந்தக் கட்டடம் பழசாயிடுச்சு. ஊருக்கு வெளிய, மாந்தோப்புக்கு நடுவுல ஒரு இடம் பாத்திருக்கோம். அடுத்த மாசம் எல்லாரும் அங்க போறோம்."

சிலர் கை தட்டினார்கள். என் அறைத்தோழி சண்முகவடிவு மட்டும் கையைத் தூக்கினாள். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தவள். இப்போது சிறுநீரகம் இரண்டும் பழுது. செவ்வாயும் வெள்ளியும் ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருகிறாள். இங்கிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் ஆஸ்பத்திரி.

"அங்கருந்து ஆஸ்பத்திரி எம்புட்டு தூரம் சார்?"

"நாப்பது கிலோமீட்டர்தான்மா. அங்க அடிக்கிற காத்துக்கு உங்களுக்கு ஆஸ்பத்திரியே தேவைப்படாது."

வடிவு கையை இறக்கிக்கொண்டாள்.

மதியம் புளிக்குழம்பு. உப்பு அதிகம்.

ஜூன் 5

வலது முழங்காலுக்குத் தைலம் தேய்த்தேன். தலையணை உறை இரண்டு துவைத்தேன். நாற்பது கிலோமீட்டரைப் பற்றி வடிவு பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஜூன் 8

ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். 'என் சொந்த விருப்பத்தின் பேரில் இடம் மாறச் சம்மதிக்கிறேன்' என்று அச்சடித்திருந்தது. முப்பத்துநான்கு வருடம் மாவட்ட நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்தவள் நான். 'சொந்த விருப்பத்தின் பேரில்' என்று அச்சடித்து வருகிற தாளில் யாருடைய விருப்பம் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

என் முன்னால் வந்து நின்று, "போடுங்க பாட்டி" என்றார் ரவீந்திரன்.

நான் வாய் திறக்கவில்லை. நீதிமன்றத்தில் நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து யாரும் பேசுவதில்லை. நீதிபதி பேசுவார், வக்கீல் பேசுவார், சாட்சி பேசுவார். சுருக்கெழுத்துக்காரி எழுதுவாள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

வடிவுதான் எனக்கும் சேர்த்துச் சொன்னாள். "அக்காவும் போட மாட்டாவ, நானும் போட மாட்டேன் சார். எனக்குச் சாவணும்னு தோணும்போது சொல்லுதேன். அப்பம் கொண்டுபோங்க."

ஆறு பேர் இன்றே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

ஜூன் 12

வராந்தாவில் காற்று வாங்க உட்கார்ந்திருந்தேன். ரவீந்திரன் எனக்கு இரண்டடி தள்ளி நின்று போனில் பேசினார். நான் அங்கே இருப்பது அவருக்குத் தெரியும். வராந்தாவில் ஒரு நாற்காலி கிடப்பதும் அவருக்குத் தெரியும். இரண்டுக்கும் அவர் கணக்கில் வித்தியாசமில்லை.

என் மடியில் கோடு போட்ட நோட்டு ஒன்று இருந்தது. சமையல்காரப் பெண் லூர்து, அரிசி சாமான் பட்டியல் எழுதி வாங்குவதற்காக என்னிடம் கொடுத்திருந்தது. பேனாவும் இருந்தது. அவர் பேசப் பேசக் கை தானாக ஓடியது. பதினாறு வருடம் ஆகிறது ஓய்வு பெற்று. கோடுகளும் வளைவுகளும் புள்ளிகளும் நேற்று விட்ட இடத்திலிருந்து எழுந்து வந்ததுபோல வந்தன. ஒரு சொல் தப்பவில்லை.

அறைக்கு வந்து படித்துப் பார்த்தேன். அவர் சொன்னது இது:

"ஆஸ்பத்திரி ரோட்டுல லாட்ஜுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது சார். கிழடுங்களா? அதெல்லாம் பாத்துக்கலாம். மொதல்ல டீயை நிறுத்துவேன். அப்புறம் போனை வாங்குவேன். ஒவ்வொண்ணா நிறுத்துனா தானா வந்து கையெழுத்துப் போடும். போடாததுங்களுக்குப் புள்ளைங்க இருக்காங்கல்ல, அவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்."

போனை வைத்துவிட்டுத்தான் என் நோட்டைப் பார்த்தார். "என்ன பாட்டி, கோழி கிளறுன மாதிரி என்னமோ கிறுக்கிட்டிருக்கீங்க?"

"கை நடுக்கத்துக்கு டாக்டர் எழுதிப் பழகச் சொன்னாரு சார்" என்றேன்.

என் கை நடுங்குவதில்லை.

ஜூன் 14

காலை டீ நின்றுவிட்டது. பால்காரன் வரவில்லை என்றார்கள். பால்காரன் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு வாசலைக் கடந்து போனதை நான் பார்த்தேன். தேதி, நேரம் போட்டு எழுதிவைத்தேன்.

ஜூன் 17

எல்லோருடைய போனையும் வாங்கி அலுவலக அலமாரியில் பூட்டிவிட்டார்கள். முதியவர்களைப் போனில் ஏமாற்றும் கும்பல் வந்திருக்கிறதாம், பாதுகாப்புக்காம்.

அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் கோயம்புத்தூரிலிருந்து மகன் ஜெயசிங் பேசினான். பம்பு கம்பெனியில் வேலை அதிகம், தலை தூக்க நேரமில்லை என்றான். பிறகு, "மாந்தோப்பு இருக்காம்லா அம்மா? உங்களுக்கு நல்லாத்தான் இருக்கும்" என்றான். அவனிடம் நான் மாந்தோப்பைப் பற்றிச் சொன்னதாக ஞாபகமில்லை. சொல்லியிருப்பேன். வயதாகிறது.

தெருக்கதவையும் பூட்டச் சொல்லிவிட்டார் ரவீந்திரன். வாட்ச்மேன் சுடலை சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு எங்கள் பக்கம் பார்க்காமலேயே நடக்கிறான்.

ஜூன் 20

இசக்கிமுத்து அண்ணாச்சி கையெழுத்துப் போட்டுவிட்டார். முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர். எங்கள் பக்கம் நிற்பார் என்று நம்பியிருந்தேன். புதிய இடம் அவர் மகள் ஊருக்குப் பக்கமாம், வாராவாரம் வந்து பார்ப்பாள் என்று ஆசை காட்டியிருக்கிறார்கள். மதியம் அவர் தட்டை எடுத்துக்கொண்டு எங்கள் மேஜைக்கு வந்தார். யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டுப் போனார்.

நான் நகர்ந்திருக்கலாம்.

இதோடு பதின்மூன்று பேர் போட்டாகிவிட்டது.

ஜூன் 25

நோட்டில் முப்பத்தொரு பக்கம் சேர்ந்துவிட்டது. அதிலிருந்து முக்கியமானவற்றை நல்ல தமிழில் பெயர்த்து, கலெக்டர் அலுவலகத்துக்கு நான்கு பக்கத்தில் ஒரு மனு எழுதினேன். கையெழுத்துப் போடாத ஒன்பது பேரும் அதில் கையெழுத்துப் போட்டோம். எழுதியது சரி, பூட்டிய கதவைத் தாண்டி எப்படி அனுப்புவது?

"இன்னைக்கு எனக்கு டயாலிசிஸ்லா யக்கா" என்றாள் வடிவு.

இருபத்திரண்டு பேரில் நாலடி நடந்தால் மூச்சு வாங்குகிறவள் அவள். அவளுக்கு மட்டும்தான் வாரத்தில் இரண்டு நாள் அந்தக் கதவு திறக்கிறது. மனுவை மடித்து ஆஸ்பத்திரி ஃபைலுக்குள் ஸ்கேன் படத்துக்குப் பின்னால் வைத்தேன். சுடலை அந்த ஃபைலை வாங்கிப் புரட்டினானாம்.

"படத்தப் பாக்கியா? என் கிட்னிதான். நல்லாப் பாத்துக்கோ" என்றாளாம் இவள். மூடிக் கொடுத்துவிட்டான்.

ஆஸ்பத்திரி நர்ஸ் பெண் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதையும் கொடுத்துவிட்டிருக்கிறது. வடிவு அதை ஜாக்கெட்டுக்குள்ளிருந்து எடுத்து நீட்டியபோது கை முழுக்க ஊசிக்காயம். முகத்தில் சிரிப்பு.

அவள் திரும்பி வரும்வரை அறை பெரிதாகத் தெரிந்தது. மின்விசிறியின் சத்தமும் அதிகம். எண்ணெய் போடச் சொல்ல வேண்டும்.

ஜூன் 28

வெள்ளிக்கிழமை. விரிவாக எழுத வேண்டும்.

காலை ஏழு மணிக்கு அந்தோணியின் ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. சுடலை கதவைத் திறக்கவில்லை. அலுவலகத்திலிருந்து ரவீந்திரன் வந்தார்.

"இனிமே வெளிய போறதுன்னா என் கையெழுத்து வேணும். நீங்க இந்தத் தாள்ல போடுங்க, நான் அந்தத் தாள்ல போடுறேன்" என்றார் வடிவிடம்.

அவள் கால்கள் நேற்றே வீங்க ஆரம்பித்திருந்தன. இன்று செருப்பு நுழையவில்லை. கதவுக்கு உள்பக்கம் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. கெஞ்சவில்லை. "நான் போட மாட்டேன் சார்" என்று மட்டும் சொன்னாள். அதைச் சொல்லவே இரண்டு முறை மூச்சு வாங்கினாள்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனேன். என் தட்டை எடுத்தேன், டம்ளரை எடுத்தேன். கதவருகே வந்து வடிவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று தட்டினேன். எவர்சில்வர் தட்டுக்கு இவ்வளவு சத்தம் உண்டென்று எனக்குத் தெரியாது. ரவீந்திரன், "என்ன பாட்டி இது, பைத்தியமா?" என்றார். நான் தட்டிக்கொண்டேயிருந்தேன்.

முதலில் லூர்து கரண்டியும் சட்டியுமாக ஓடி வந்தது. பிறகு கையெழுத்துப் போடாத மற்ற ஏழு பேரும் வந்தார்கள். பிறகு கையெழுத்துப் போட்டவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். கைத்தடியால் கம்பிக்கதவில் அடித்தவர்கள் உண்டு. கண் தெரியாத செல்லம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து, "எங்க தட்டணும்? எங்க தட்டணும்?" என்று கேட்டாள். இசக்கிமுத்து அண்ணாச்சி மட்டும் அறையை விட்டு வரவில்லை.

எதிரே ஆஸ்பத்திரிக்குப் போகிற சாலை. காலை நேரம். நோயாளிகளைப் பார்க்க வந்தவர்கள், டீக்கடையில் நின்றவர்கள், ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். அந்தோணி கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

"கால் வீங்கிக் கெடக்காவ, தெரியலையா? ரெண்டு நாளு தள்ளுனா உசுரு நிக்காது! எல சுடலை, உங்க அம்மையா இருந்தா பூட்டி வப்பியா?"

சுடலை ரவீந்திரனைப் பார்த்தான். தெருவைப் பார்த்தான். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தான். "என் வேலை போனாப் போட்டும் சார்" என்று சொல்லித் திறந்துவிட்டான்.

ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் நான்கு பேர் வடிவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். சப்பரத்தில் சாமி போவதுபோல இருந்தது. அவள் திரும்பி எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

என் தட்டில் மூன்று இடத்தில் நெளிவு. வேறு தட்டு கேட்கப்போவதில்லை.

ஜூலை 2

கலெக்டர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. எட்டாம் தேதி அதிகாரி நேரில் வருகிறார். லூர்து அலுவலகத்தில் காபி வைக்கப் போனபோது பார்த்துவிட்டு வந்து சொன்னது. ரவீந்திரன் காபியைக் குடிக்கவில்லையாம்.

ஜூலை 4

எட்டாம் தேதிவரை ரவீந்திரன் காத்திருக்கவில்லை. காலை ஆறரைக்கு இரண்டு வேன் வந்து முற்றத்தில் நின்றன. கூடவே முன்பின் தெரியாத நான்கு ஆட்கள். அதிகாரி வரும்போது இங்கே யாரும் இருக்கக்கூடாது என்பது திட்டம்.

"கையெழுத்துப் போட்டவங்க எல்லாம் மொதல்ல ஏறுங்க. மத்தவங்கள நாங்களே ஏத்திக்குறோம்" என்றார்.

நாங்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுபோய் வேனுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தோம். அந்த ஆட்களில் ஒருவன் செல்லம்மாள் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கையைப் பிடித்தான். அவள் அவன் கையைத் தடவிப் பார்த்து, "ஏ யய்யா, உனக்கு என் பேரன் வயசுதான் இருக்கும். என்னத் தூக்கி எங்க போடப்போற?" என்று கேட்டாள். அவன் கையை எடுத்துவிட்டான். மற்றவர்கள் எடுக்கவில்லை. இரண்டு பேர் வடிவின் நாற்காலியைத் தூக்கி வேனுக்கு அருகே கொண்டுபோய்விட்டார்கள். நான் பின்னாலேயே ஓடினேன். ஓடினேன் என்று எழுதுகிறேன், நடந்திருப்பேன்.

அப்போதுதான் இசக்கிமுத்து அண்ணாச்சி டிரங்குப் பெட்டியோடு அறையிலிருந்து வந்தார். எங்கள் முகத்தைப் பார்க்காமல் நேராக முதல் வேனுக்குப் போனார்.

"வாங்க தாத்தா, நீங்களாவது புரிஞ்சுக்கிட்டீங்களே" என்றார் ரவீந்திரன்.

அண்ணாச்சி டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து உள்ளே கை நீட்டினார். சாவியை உருவினார். பீடி பற்றவைத்துக்கொண்டு தள்ளி நின்ற டிரைவர் என்னவென்று திரும்புவதற்குள் இரண்டாவது வேனுக்கும் போய்விட்டார். அதிலும் சாவி. இரண்டையும் வேட்டி மடிப்பில் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, டிரங்குப் பெட்டியைத் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"தாத்தா, என்ன பண்றீங்க? நீங்க கையெழுத்துப் போட்டவரு!"

"ஆமா, போட்டேன். புத்திகெட்டுப் போயிப் போட்டேன். முப்பத்திரண்டு வருஷம் வண்டி ஓட்டிருக்கேன் சார். ஏற மாட்டேங்கற ஆளை ஏத்துனதில்ல. சாவி வேணும்னா என் வேட்டிய உருவிட்டு எடுத்துக்கோங்க. ரோட்டுல நிக்கிற சனமெல்லாம் பாக்கட்டும்."

கதவுக்கு வெளியே அந்தோணியும் ஸ்டாண்டுக்காரர்களும் ஏற்கெனவே வந்து நின்றிருந்தார்கள். வேட்டியில் கை வைக்க யாருக்கும் துணிவில்லை. வடிவின் நாற்காலியைத் தூக்கியவர்கள் இறக்கி வைத்துவிட்டார்கள். ஒன்பது மணிக்கு அந்த நான்கு ஆட்களும் கிளம்பிப் போனார்கள். டிரைவர்கள் மட்டும் பதினொன்று வரை அண்ணாச்சியிடம் கெஞ்சினார்கள். வேன்களை வெறுமையாக வெளியே கொண்டுபோய் நிறுத்துவதாகச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சாவியைக் கொடுத்தார்.

மதியம் எங்கள் மேஜையில் அண்ணாச்சிக்கு நான் என் பக்கத்தில் இடம் போட்டேன்.

ஜூலை 8

அதிகாரி வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி, பருத்திப் புடவை. கூடவே அவர் அலுவலகத்தின் வயதான கண்காணிப்பாளர் ஒருவர். சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தோம்.

ரவீந்திரன் ஒரு ஃபைலை நீட்டினார். "எல்லாம் முறைப்படி இருக்கு மேடம். பதிமூணு பேர் அவங்களே சம்மதிச்சிருக்காங்க. மத்தவங்களுக்குப் புள்ளைங்க, காப்பாளர் முறையில கையெழுத்துப் போட்டிருக்காங்க."

அதிகாரி ஒவ்வொரு தாளாகப் பெயர் சொல்லி எங்களிடம் காட்டினார். ஒன்பது பேரில் எட்டுப் பேருக்கு அப்படியொரு தாள் இருந்தது. பிள்ளையோ உறவோ யாருமில்லாத வடிவுக்கு மட்டும் இல்லை.

என் தாளில் ஜெயசிங் கையெழுத்து. 'ஜெ'யின் கொம்பை மேலே வளைத்துப் போடுவான். ஐந்து வயதில் நான்தான் அப்படிப் பழக்கினேன். அதன் கீழே, 'என் தாயாருக்கு ஞாபக மறதி உண்டு. சுயமாக முடிவெடுக்கும் நிலையில் இல்லை' என்று எழுதியிருந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தேன். அதே வரிதான்.

"ஜெபக்கனி அம்மா, நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்றார் அதிகாரி.

நான் எழுந்தேன். முப்பத்துநான்கு வருடம் எத்தனையோ பேர் எழுந்து நின்று பேசியதை எழுதியிருக்கிறேன். எழுந்து நிற்பது இவ்வளவு கனமானது என்று எழுதுகிறவளுக்குத் தெரியாது.

"அம்மா, இந்தக் கையெழுத்து என் மகனோடதுதான். ஆனா அது என் வார்த்தை இல்ல. என் வார்த்தை இந்த நோட்டுல இருக்கு. இந்த சார் சொன்னதும் இதுலதான் இருக்கு, தேதியோட."

ரவீந்திரன் சிரித்தார். "மேடம், அது அவங்க கிறுக்குறது. கை நடுக்கத்துக்கு. நீங்களே பாருங்க, ஒரு எழுத்தாவது இருக்கான்னு."

அதிகாரி நோட்டை வாங்கிப் புரட்டினார். அவருக்கும் புரியவில்லை. எனக்கு என் மேலேயே சந்தேகம் வந்தது. ஒருவேளை கிறுக்கத்தான் செய்தேனோ?

கண்காணிப்பாளர் எட்டிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "மேடம், இது சுருக்கெழுத்து. நான் இதுல ஹையர் கிரேடு பாஸ் பண்ணவன். குடுங்க" என்று வாங்கினார். விரலை வைத்து வாசிக்க ஆரம்பித்தார். முதலில் தட்டுத்தடுமாறி, பிறகு சரளமாக.

"ஜூன் பன்னிரண்டு, காலை பத்து இருபது. 'ஆஸ்பத்திரி ரோட்டுல லாட்ஜுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது சார். கிழடுங்களா? அதெல்லாம் பாத்துக்கலாம். மொதல்ல டீயை நிறுத்துவேன். அப்புறம் போனை வாங்குவேன்…'"

அவர் பக்கம் பக்கமாக வாசித்தார். ரவீந்திரனின் ஒவ்வொரு சொல்லும், அவர் இழுக்கிற இடத்தில் இழுத்து, நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, இன்னொருவர் வாயிலிருந்து வந்து விழுந்தது. வடிவிடம் 'நீங்க இந்தத் தாள்ல போடுங்க, நான் அந்தத் தாள்ல போடுறேன்' என்றதை வாசித்ததும் நிறுத்திவிட்டார். தண்ணீர் கேட்டார்.

பிறகு என்னிடம், "எந்தக் கோர்ட்டும்மா?" என்று கேட்டார். சொன்னேன். "ஒரு அடித்தல் திருத்தல்கூட இல்லையே" என்றார்.

ரவீந்திரன் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

அதிகாரி அலமாரியைத் திறந்து போன்களைக் கொடுக்கச் சொன்னார். அலுவலகத்தைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். விசாரணை முடியும்வரை ரவீந்திரன் உள்ளே வரக்கூடாது, வாய்விட்டுச் சம்மதம் சொல்லாத யாரையும் இங்கிருந்து மாற்றக்கூடாது என்று அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் சொல்லச் சொல்ல நானும் எழுதிக்கொண்டேன்.

ஜூலை 9

ஜெயசிங் நான்கு முறை போன் செய்தான். முழங்கால் வலி. எழுந்து போய் எடுக்க முடியவில்லை. போன் தலையணைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

ஜூலை 16

அறக்கட்டளை ரவீந்திரனை நீக்கிவிட்டது. கட்டடம் கைமாறுகிற பேச்சும் நின்றது. சுடலை வேலையில் இருக்கிறான். வடிவு டயாலிசிஸுக்குப் போய்விட்டு வரும் வழியில் அந்தோணியின் ஆட்டோவை நிறுத்தி, எனக்கு நுங்கு வாங்கி வந்தாள். அவள் அதையெல்லாம் சாப்பிடக் கூடாது. நான் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 20

புதுப் பொறுப்பாளர் ஒரு பெண். எல்லோருக்கும் புதிய படிவம் கொடுத்தார். பெயர், வயது, நோய், பிள்ளைகள். கடைசியில், 'அவசரத்தில் உங்களுக்காக முடிவெடுக்கும் காப்பாளர்' என்று ஒரு கட்டம். யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம், உறவாக இருக்க வேண்டியதில்லை என்றார்.

எழுதிக்கொண்டிருந்தபோது ஜெயசிங் வந்து நின்றான். இரவு பஸ் ஏறி வந்திருக்கிறான். கண் சிவந்திருந்தது. லூர்து டீ கொடுத்தது. ரொம்ப நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தாளு போன்ல நல்லவிதமாத்தான் பேசுனாரும்மா. அந்த வரிய எழுதுனாத்தான் செல்லும்னாரு. நான் யோசிக்கல. அம்மா, எங்கூட வந்துருங்களேன்."

"நான் எங்கயும் வரலடா. இங்க எனக்கு வேலை இருக்கு. நீ டீயக் குடி."

குடித்தான். பிறகு என் படிவத்தை எட்டிப் பார்த்தான். காப்பாளர் கட்டத்தில் 'சண்முகவடிவு' என்று எழுதியிருந்தேன்.

"எம்பேரு இல்லையேம்மா?"

"பிள்ளைகள்னு மேல ஒரு கட்டம் இருக்கு பாரு. அதுல உம்பேருதான். அத யாரும் அழிக்க முடியாது. இது வேற கட்டம்."

தலையைக் குனிந்துகொண்டான். தோளில் கை வைத்தேன். கையை உடனே எடுக்கவில்லை.

அண்ணாச்சி செல்லம்மாளின் பெயரைக் கேட்டு எழுதினார். செல்லம்மாள் அவர் பெயரை எழுதச் சொன்னாள். மேஜைக்கு மேஜை ஒருவர் பெயரை ஒருவர் கேட்டு, எழுத்துச் சரிபார்த்து, எழுதிக்கொண்டிருந்தார்கள். வடிவு பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லியபடி தன் தாளில் எழுதினாள்.

"ஜெ… ப… க்… க… னி."

கூடம் முழுக்கக் கேட்டது.